தஸ்நேவிசுக்குப் போட்ட ஈரக் கழிவு

சத்தியம்! கையை இப்படி நீட்டுங்க தம்பி, அடித்துச் சத்தியம் செய்கிறேன். பனிமய மாதா மேல் சத்தியம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறதே, அந்த உப்பு மேல் சத்தியம். டிரைவர் தலைக்கு மேலே தொங்குகிற எலுமிச்சம்பழத்தின் மேல் சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றால் இந்தப் பஸ் இதே இடத்தில் பஞ்சராகி நிற்கட்டும்!

பயப்படாதீங்க, அது வேகத்தடை. பஞ்சர் என்றால் சத்தம் வேறு மாதிரி வரும்.

கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும். சத்தியத்தை மெதுவாகச் செய்கிறவனை நம்பவே கூடாது.

உங்கள் மடியில் இருக்கிற பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது குத்துச்சண்டைக் கையுறைதானே? ஏறும்போதே பார்த்துவிட்டேன். மகளுக்கா? சபாஷ். பிறகு ஏன் முகம் இப்படித் தொங்கிப்போய் இருக்கிறது? என்ன, கோச் அப்படியா சொன்னார்? பிள்ளை நன்றாக ஆடுகிறாள், உயரம்தான் பத்தாது என்றா? உயரம் பத்தாதாம்! அந்த ஆள் எந்த ஊர்? வேண்டாம், விடுங்க. நான் எழுந்து நிற்கிறேன், என்னைக் கொஞ்சம் பாருங்க.

எழுந்துதான் நிற்கிறேன் தம்பி. இதுதான் நான் நிற்பது.

வாலிபத்தில் இதைவிட ஒரு விரற்கடை கூட இருந்தேன், வயதாக ஆகத் தேய்ந்துவிட்டது. நான் பிறந்தபோது மருத்துவச்சி என்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று பாயைப் புரட்டித் தேடினாளாம். பெயர் லிகோரி. உப்பளத்தில் மூட்டை சுமக்கிற வேலை. அந்தக் காலத்தில் குத்துச்சண்டைக்காரன் லிகோரி என்று உப்பளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது கேட்டால் சொல்ல மாட்டார்கள். கேட்கத் தகுந்த ஆட்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

ஐப்பசி மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது, கேட்டீங்களா. பாத்தியெல்லாம் குளமாகிவிடும். உப்பு அம்பாரங்களுக்கு ஓலை வேய்ந்து மூடிவிட்டு ஆண்பிள்ளைகள் சும்மா இருப்போம். சும்மா இருந்தால் வீட்டில் சண்டை வரும். அதற்குப் பதில் வெளியே சண்டை போடுவோம் என்று ஏற்பாடு செய்தவர் தங்கையா மாஸ்டர். பட்டாளத்தில் குத்துச்சண்டை கற்றவர். பட்டாளத்தில் அவர் சமையல்கட்டில்தான் இருந்தார் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டுமே, சண்டையைப் பார்த்துக்கொண்டே சமைத்திருப்பார். அவர்தான் எங்களுக்குக் குத்து, தடுப்பு, ஒதுங்கல் எல்லாம் சொல்லிக்கொடுத்தவர். ஒதுங்கல் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. எல்லோர் குத்தும் எனக்கு மேலேதான் போகும்.

மழைக்காலத்தில் தரையெல்லாம் சகதி. அதனால் முந்தின வருஷம் விலை போகாமல் கிடந்த ஓர் உப்பு அம்பாரத்தின் தலையைச் சீவி, மட்டம் தட்டி, மேலே பழைய பாய்மரத் துணியை விரித்துக் கயிறு கட்டிவிடுவோம். அதுதான் மேடை. கல்மாதிரி இறுகி இருக்கும். மழை பெய்யாத வரைக்கும்.

இப்போது இஞ்ஞாசி அண்ணாச்சிக்கு வருகிறேன். அவர்தான் கதைக்கு ஆணிவேர். உப்பளத்தில் எடைக்காரர். நாங்கள் சுமந்து வருகிற மூட்டையைத் தராசில் ஏற்றி, இத்தனை கிலோ என்று அவர் வாயால் சொன்னால்தான் கூலி. ஆனால் உள்ளதை உள்ளபடி அவர் வாய் சொல்லாது. உப்பில் ஈரம் இருக்கிறதல்லவா? அதற்கு ஈரக் கழிவு. மூட்டையில் சாக்கு இருக்கிறதல்லவா? அதற்குச் சாக்குக் கழிவு. மண் ஒட்டியிருந்தால் மண் கழிவு. இப்படிக் கழித்துக் கழித்து மிச்சத்தைத்தான் சொல்வார். அந்த மனுஷருக்கு அது நாக்கிலேயே ஊறிவிட்டது. கடைக்குப் போய் அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கினால் காம்புக் கழிவு கேட்பார். பூசைக்கு நேரமாகிவிட்டது என்றால், பிரசங்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்பார்.

அவர் கழிவைத் தப்பு என்று யாரும் சொன்னது கிடையாது. சொன்னால் அடுத்த நாள் அவன் மூட்டைக்கு ஈரம் கூடிவிடும்.

அவருக்கு ஒரே மகள். அமலோற்பவம். அமலி என்று கூப்பிடுவோம். நான் முதலில் அவளிடம்தான் கேட்டேன். தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றவளிடம் போய், "என்னைக் கட்டிக்கிடுதியா?" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அது கேலிச் சிரிப்பு என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள், பொறாமைக்காரர்கள்.

"எங்கப்பாகிட்ட கேளுங்க. நெஞ்ச நிமித்திக் கேளுங்க" என்றாள்.

நிமிர்த்தித்தான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், "யாருல பேசுதது?" என்று என் தலைக்கு மேலே தேடினார்.

"கீழ பாருங்க மாமா."

"மாமாவா? எவன்ல அது?"

"லிகோரி. அமலிய எனக்குக் கட்டிக் குடுங்க."

மூட்டையோடு வரிசையில் நின்ற சுமைக்காரர்கள் எல்லோரும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கும்போது தோளில் பாரம் எதற்கு? இஞ்ஞாசி என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார், அதிக நேரம் ஆகவில்லை. பிறகு ஊர் கேட்கச் சொன்னார்.

"குத்துச்சண்டை போடுதியாமே. இந்த மழைக்கு மேடையில ஏறு. கடைசி மணி அடிக்கும்போது நின்னுக்கிட்டு இருந்தேன்னா, மறு பேச்சு கிடையாது, எம் மகள் உனக்குத்தான். விழுந்து கிடந்தேன்னா, அவ பேரையே எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி மாமா!"

பார்த்தீங்களா தம்பி, எவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒரு தகப்பன் அப்படிச் சொல்வார்! கொழும்புக்குப் போய் வந்த ஒரு கணக்கப்பிள்ளைக்கு அவளைப் பேசி வைத்திருந்தார் என்று ஒரு பேச்சு இருந்தது. அதையும் தள்ளி வைத்துவிட்டு எனக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார் என்றால் என் குத்தைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

அமலிதான் கவலைப்பட்டாள். சண்டைக்கு முந்தின நாள் வந்து, "நீங்க ஒண்ணும் குத்தவெல்லாம் வேண்டாம். எங்கப்பா என்ன சொன்னாரு? நிக்கணும்னுதான சொன்னாரு? நின்னாப் போதும். வேற எதுவும் யோசிக்காதீங்க. நில்லுங்க" என்றாள். என் குத்தில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்கிற இரக்கம். தங்கமான மனசு.

குத்துச்சண்டைக்கு எடை பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரியும். ஒரே எடைக்காரர்கள்தான் மோத வேண்டும். எங்களிடம் எல்லாவற்றிலும் சின்ன எடைக்குக் கொசு எடை என்று பெயர். ஐம்பது கிலோவுக்குக் கீழே. அதில் நான் ஒருவன்தான். போன வருஷமும் நான் ஒருவன்தான், அதனால் போன வருஷமும் நான்தான் ஜெயித்தேன். எதிராளி இல்லாமல் ஜெயிப்பது லேசு என்று நினைக்காதீங்க, அதற்கும் மேடை ஏறி இறங்க வேண்டும்.

எடை பார்ப்பது யார்? வேறு யார், இஞ்ஞாசி அண்ணாச்சிதான். ஊரில் அந்த ஒரு தராசுதான்.

சண்டை அன்றைக்குக் காலையில் தூறல். நான் தராசுக்குப் பக்கத்தில் சாக்குக்குள் உட்கார்ந்திருக்கிறேன், நனையாமல். திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் என்று நிமிர்ந்து பார்த்தால் தஸ்நேவிஸ்.

தஸ்நேவிஸ் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவன். அவன் உயரத்தை நான் எப்படிச் சொல்வேன்? மழை பெய்தால் எங்களுக்கெல்லாம் முன்னால் அவன் நனைவான். அவன் ஒரு சட்டைக்குத் துணி எடுத்துவிட்டால் அந்தத் தெருவில் மற்றவர்களுக்குத் திருவிழாவுக்குத் துணி இருக்காது. பொழுது சாய்ந்த பிறகு அவன் கடற்கரையில் நடந்தால், கலங்கரை விளக்கத்துக்காரர் வந்து, கப்பலெல்லாம் குழம்புகிறது, கொஞ்சம் உட்கார்ந்துகொள் என்று கெஞ்சுவார். ஆனால் குரல் மட்டும் ஒரு கோழிக்குஞ்சின் குரல். பாவம், அவன் எடைக்கு எதிராளியே கிடையாது. வருஷா வருஷம் கையுறையை மாட்டிக்கொண்டு வருவான், ஓரமாக உட்கார்ந்து பார்ப்பான், கழற்றிவிட்டுப் போவான்.

அவனை அன்றைக்கு ஆள் விட்டு வரச் சொன்னது இஞ்ஞாசி. நடந்தே வந்ததில் தொப்பலாக நனைந்திருந்தான்.

"ஏறுல தஸ்நேவிசு" என்றார்.

ஏறினான். தராசு முனகியது. எடைக்கல் வைத்தார், இன்னொன்று வைத்தார், பிறகு பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் இரவல் வாங்கி வைத்தார். முள் நேரானது. ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஈரக் கழிவு" என்றார்.

தங்கையா மாஸ்டர் பக்கத்தில் நின்றார். "என்னது?" என்றார்.

"ஆளு நனைஞ்சிருக்கான்லா? மழையையும் சேத்து நிறுக்கச் சொல்லுதீரா?"

"சரிவே, தொடச்சாப் போச்சு. என்ன, அரைக் கிலோ இருக்குமா?"

"மேலோட்டமாச் சொல்லாதேயும். ஈரம் மேலயா நிக்கும்? உள்ள எறங்கும். இவன் உயரத்துக்கு உச்சியிலேர்ந்து கால் வரைக்கும் எறங்கியிருக்கும்." பெரிய எடைக்கல் ஒன்றை எடுத்துக் கீழே வைத்தார். "அடுத்து, சாக்குக் கழிவு."

"மனுசனுக்கு ஏதுவே சாக்கு?"

"தோல் பின்ன என்னது? சரக்கா?"

மாஸ்டர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரிய மூட்டைக்குப் பெரிய சாக்கு, பெரிய கழிவு. நம்ம உப்பளத்துல இதுதான வழக்கம்?" என்று சுமைக்காரர்களைப் பார்த்துக் கேட்டார். அவர்களும் பழக்கதோஷத்தில் தலையாட்டினார்கள். இன்னொரு கல் இறங்கியது. "கட்டுக்கயிறு."

"கயிறு எங்க இருக்கு?"

"நரம்பு."

"இஞ்ஞாசி!"

"மண் கழிவு."

"நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன் அண்ணாச்சி" என்றான் தஸ்நேவிஸ், வெட்கப்பட்டு.

"காதுக்குப் பின்னால?"

தஸ்நேவிஸ் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கும் ஒரு கல் இறங்கியது. கடைசியில் தராசில் ஒரே ஒரு கல்லும் சில துணுக்குகளும்தான் மிச்சம். இஞ்ஞாசி நிமிர்ந்து உட்கார்ந்து அறிவித்தார்: "நாப்பத்தொம்பது கிலோ. கொசு எடை!"

தஸ்நேவிஸ் முகம் வாடிவிட்டது. "அவ்வளவு மெலிஞ்சிட்டேனா? எங்கம்மா கேட்டா அழுவாளே" என்றான்.

அடுத்து நான் ஏறினேன். முள் அசையக்கூட இல்லை. அவர் குனிந்து ஊதிப் பார்த்துவிட்டு, "காஞ்ச சரக்கு. கழிவு கிடையாது. நாப்பத்தொம்பது" என்றார். தம்பி, அந்த உப்பளத்தில் கழிவே இல்லாமல் இஞ்ஞாசி நிறுத்த ஒரே சரக்கு நான்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகன் ஆவதற்கு முன்னாலேயே இந்த மரியாதை!

மாஸ்டர் என்னை இழுத்துக்கொண்டு போனார். "லிகோரி, சாகப் போறியால? எடை தப்புன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. மத்தவன் சொல்ல மாட்டான், கூலிக்குப் பயப்படுதான். ஆடப்போறவன் நீ சொன்னா நான் சண்டைய ரத்து பண்ணிருதேன்."

"மாமா நிறுத்ததை நானே தப்புன்னு சொல்லலாமா மாஸ்டர்? நாளைக்கு எந்த முகத்தோட அவரு வீட்ல கை நனைப்பேன்?"

"நாளைக்கு முகம் இருக்கணும்லா!"

அவர் கொஞ்சம் பயந்த சுபாவம்.

சாயங்காலம் சண்டை. மொத்தம் மூன்று ரவுண்டு. அம்பாரத்தைச் சுற்றி உப்பளமே கூடியிருந்தது, துறைமுகத்திலிருந்தும் ஆட்கள். இஞ்ஞாசி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்தக் கொழும்புக் கணக்கப்பிள்ளை குடையோடு. அமலி பின்னால், மணிக்குப் பக்கத்தில் நின்றாள். மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு.

முதல் ரவுண்டு. மணி அடித்தது. தஸ்நேவிஸ் கையை ஓங்கி வீசினான். எங்கே வீசினான்? அவன் உயரத்தில் வீசினான். காற்றுதான் வந்தது. பக்கத்து அம்பாரத்து ஓலையெல்லாம் பறந்தது, முன்வரிசையில் கணக்கப்பிள்ளை குடை திரும்பிக்கொண்டது.

"எங்கல இருக்க லிகோரி?"

"இங்கதாம்ல!"

"கொஞ்சம் தள்ளி நில்லு, தெரியல."

நான் ஏன் தள்ளி நிற்கிறேன்? அவன் முழங்கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்தேன். ஆனால் எனக்கும் ஒரு சங்கடம். இடுப்புக்குக் கீழே குத்தக் கூடாது, சட்டம். எனக்கு எட்டுகிறதெல்லாம் அவன் இடுப்புக்குக் கீழேதான். அவனால் கீழே வர முடியவில்லை, என்னால் மேலே போக முடியவில்லை. இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருந்து சண்டை போட்டதுபோல முதல் ரவுண்டு முடிந்தது. உங்கள் மகளிடம் சொல்லுங்க தம்பி, உயரமானவனுக்கு நாம் கிடைக்கவே மாட்டோம்.

இரண்டாவது ரவுண்டில் தஸ்நேவிஸ் யோசித்தான். யோசிக்க நேரம் பிடித்தது, விஷயம் தலைக்குப் போய்ச் சேர வேண்டுமே. குனிந்து குத்தலாம் என்று முடிவு செய்து, கையைக் கீழே இறக்கி ஒரு சுழற்று. நான் சும்மா நின்றேன், தலைமுடி மட்டும் ஆடியது. ஆனால் நடுவராக நின்ற தங்கையா மாஸ்டர் நடுத்தர உயரம். கன்னத்தில் வாங்கிக்கொண்டு படுத்துவிட்டார். நடுத்தர உயரம்தான் தம்பி ஆபத்து.

"மாஸ்டர்! மாஸ்டர்! மன்னிச்சிருங்க!" என்று தஸ்நேவிஸ் அவரைக் குழந்தைமாதிரி தூக்கிக்கொண்டுபோய் இஞ்ஞாசி மடியில் உட்கார வைத்துவிட்டு வந்தான். மாஸ்டர் கண்ணைத் திறக்காமலேயே எண்ணினார், ஒன்று, இரண்டு என்று. தன்னைத்தானே எண்ணிக்கொண்ட நடுவர் உலகத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

மூன்றாவது ரவுண்டு. அப்போது பிடித்தது பாருங்க மழை! வானத்தைக் கிழித்துக்கொண்டு. பார்த்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறேன். தஸ்நேவிஸ் நின்ற இடத்திலேயே நின்று கையை வீசுகிறான். அவன் காலடியில் என்ன இருக்கிறது? துணி. துணிக்குக் கீழே? உப்பு. மழை பெய்தால் உப்பு என்ன செய்யும்?

கரைந்தது! பாய்மரத் துணி டர்ரென்று கிழிந்தது. முதலில் கணுக்கால் போனது, பிறகு முழங்கால் போனது. கொசு எடைக்காரனுக்காகக் கட்டிய மேடை, அந்த ஆளைத் தாங்குமா? ஆனால் இஞ்ஞாசி நிறுத்த எடை நாற்பத்தொன்பதுதான், அதையும் மறுக்க முடியாது. என் காலுக்குக் கீழே மேடை கல்மாதிரி நிற்கிறது, அவன் காலுக்குக் கீழே கஞ்சிமாதிரி போகிறது. இறங்கினான், இறங்கினான், இடுப்பு வரைக்கும் இறங்கினான். அவன் முகம் மாடியிலிருந்து வாளி இறங்குவதுபோல இறங்கி வந்து என் முகத்துக்கு நேரே நின்றது.

"இப்பதாம்ல உன் முகத்தையே பாக்கேன்" என்றான். "நல்ல முகம்."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் சண்டை சண்டைதானே. குத்தினேன், மூக்கில், வலது கையால், மாஸ்டர் சொல்லிக்கொடுத்த குத்து. அவனுக்குத் தும்மல் வந்துவிட்டது.

அந்தத் தும்மலோடு சேர்ந்து அவன் கையும் வந்தது. வேண்டுமென்று வீசவில்லை, மூக்கைப் பிடிக்கத் தூக்கிய கை. பிறகு நடந்ததை ஊரில் தப்பாகச் சொல்வார்கள். லிகோரி அடிபட்டுப் பறந்தான் என்பார்கள். அது இல்லை. கை வருவதைப் பார்த்தேன், தரையை உதைத்து நானே எழும்பினேன், காற்று கொஞ்சம் ஒத்துழைத்தது. கயிற்றுக்கு மேலே போனேன், இஞ்ஞாசி தலைக்கு மேலே போனேன், மேலே இருந்து பார்க்கும்போது துறைமுகத்தில் மூன்று கப்பல் நின்றது, ஒன்றின் பெயரைக்கூட வாசித்தேன். அப்புறம் பக்கத்து அம்பாரத்தின் உச்சியில், காற்றில் ஓலை போயிருந்த இடத்தில், சொத்தென்று நேராக இறங்கினேன். முழங்கால் வரைக்கும் உப்பில் நட்டதுபோல.

நின்றேன் தம்பி! நின்றேன்! கண்ணை மட்டும் கொஞ்ச நேரம் மூடியிருந்தேன்.

சரியாக அந்த நேரம் மணி அடித்தது. இன்னும் நேரம் இருந்தது என்றும், அடிக்கிற ஆள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அமலி அவன் கையிலிருந்து இரும்பைப் பிடுங்கி ஓங்கி அடித்தாள் என்றும் சிலர் சொன்னார்கள். நேரம் எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆடுகிறவனுக்குத்தான் தெரியும்.

இஞ்ஞாசி மடியிலிருந்த மாஸ்டரைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மேடைக்கு வெளியே கெடக்கான்! தோத்துட்டான்!"

"எங்க கெடக்காருப்பா?" அமலி முன்னால் வந்துவிட்டாள். "நிக்காரு. மணி அடிக்கும்போது நின்னா குடுக்கேன்னு ஊர் கேக்கச் சொன்னீங்க. எங்க நிக்கணும்னு சொல்லலியே."

"நட்டு வச்ச கம்பு மாதிரி நிக்கான், அது நிக்கதா? அதுல கால் போச்சு, கண்ணு மூடியிருக்கு, அதுவும் போச்சு. எல்லாத்தையும் கழிச்சா..."

"சரிப்பா, கழிங்க. ஒண்ணு மட்டும் கேக்கேன். காலையில தஸ்நேவிசு அண்ணனுக்குக் கழிச்சீங்களே, அது சரியா தப்பா?"

"எங் கழிவு எப்பம் தப்பாச்சு?"

"அப்பம் அவரு கொசு எடை. சண்டை சரி. நின்னதும் சரி." அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனாலேயே எல்லோரும் கேட்டார்கள். "தப்புன்னா சொல்லுங்க, சண்டை செல்லாது, நான் நீங்க சொல்லுதவரையே கட்டிக்கிடுதேன். ஆனா தஸ்நேவிசு அண்ணனுக்குப் போட்ட ஈரக் கழிவு தப்புன்னா, இங்க நிக்கிறவங்க மூட்டைக்கெல்லாம் போட்டது என்னப்பா? அதையும் திருப்பி நிறுக்கணும்லா?"

சுமைக்காரர்கள் ஒவ்வொருவராக ஓலை மூடிய அம்பாரங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இஞ்ஞாசியைப் பார்த்தார்கள். ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, தராசு இங்கதான இருக்கு. தஸ்நேவிச இன்னொரு தடவ ஏத்திப் பாத்துருவோமா?"

"நான் ரெடி" என்றான் தஸ்நேவிஸ், உப்புக்குள்ளிருந்து. "யாராவது தூக்கிவிட்டா."

இஞ்ஞாசி மகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். நான் கண்ணைத் திறந்தது அப்போதுதான். கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் தம்பி, நிமிர்ந்து! தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே சொல் சொன்னார்.

"நிக்கான்."

கூட்டம் போட்ட சத்தத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு சரிந்தது. கணக்கப்பிள்ளை திரும்பிய குடையோடு அப்படியே கொழும்புக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

பார்த்தீங்களா? ஒரே ஒரு குத்து, அதுவும் மூக்கில். அதைக் கண்ணால் பார்த்ததும் மனுஷர் மனம் மாறிவிட்டார். அடுத்த வருஷம் உப்பு வாரும்போது பாருங்க, யாரும் கேட்காமலேயே ஈரக் கழிவைப் பாதியாகக் குறைத்தார். சாக்குக் கழிவும் ஒழுங்குக்கு வந்தது. மகள் நல்ல இடத்தில் வாழ்கிற சந்தோஷம், வேறென்ன! நான்தான் காரணம் என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

தஸ்நேவிசை வெளியே எடுக்க ஒரு லாரியும் இரண்டு ஜோடி மாடும் தேவைப்பட்டது. உப்பில் ஊறியதால் இன்றைக்கும் அவன் இடுப்புக்குக் கீழே ஒரு சுருக்கம் விழவில்லை. எங்கள் கல்யாணத்தன்று பந்தலுக்கு ஒரு கால் குறைந்துபோனது. பூசை முடிகிற வரைக்கும் அவன்தான் நின்றான்.

ஆகையால் அந்தக் கோச்சிடம் போய்ச் சொல்லுங்க, உயரமாவது பருமனாவது, ஒன்றுமே கிடையாது. பிள்ளையிடம் இது மட்டும் சொல்லுங்க: நிற்க வேண்டும், அவ்வளவுதான். மணி அடிக்கிற இடத்தில் வேண்டியவர்கள் யாராவது இருந்தால் நல்லது.

சரி, பழையகாயல் வந்துவிட்டது, நான் இறங்க வேண்டும். முன்னால் பெண்கள் சீட்டில், கம்பியில் தலை தட்டாமல் குனிந்து எழுந்திருக்கிறாளே, பச்சைச் சேலை, அவள்தான் அமலி. மேலே இருக்கிற என் பையை அவளே எடுத்துக்கொள்வாள். எனக்கு எட்டாமல் இல்லை, அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கல்யாணமான அன்றைக்கே, இந்தக் கதையை இனி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். பனிமய மாதா மேல்தான். அதனால் நீங்க யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அப்படியே வாய் தவறி வந்துவிட்டாலும், யார் சொன்னது என்று கேட்டால் என் பெயர் வரக் கூடாது தம்பி. பஸ்ஸில் யாரோ ஓர் உயரமான ஆள் சொன்னார் என்று சொல்லிவிடுங்க.